ஊதுவாய்க் கோணலும் ஊதுபவன் பழியும்

கச்சேரியில் சுருதி பிசகினால் நம் கண் முதலில் கலைஞனின் முகத்தைத்தான் நாடுகிறது. வீணையின் மெழுகுச் சட்டம் வெயிலில் இளகியிருந்தால் அது கருவியின் குறை என்று ஒப்புக்கொள்கிறோம். மிருதங்கத்தின் தோல் மழைநாளில் தளர்ந்தால் அதையும் புரிந்துகொள்கிறோம். துளைக்கருவி என்று வந்துவிட்டால் மட்டும் நம் தீர்ப்பு வேறாகிவிடுகிறது. "மூச்சு போதவில்லை", "உதடு பழகவில்லை", "சாதகம் குறைந்துவிட்டது" என்ற மூன்று வாக்கியங்களில் வழக்கை முடித்துவிடுகிறோம். ஊதுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் நடுவே ஒரு கருவி இருக்கிறது, அக்கருவியும் மூப்படையும், கோணும், தேயும் என்பது நம் நினைவுக்கு வருவதேயில்லை. இக்கட்டுரை அத்தகைய ஒரு சிறு பொருளைப் பற்றியது. மவுத்பீஸ் என்று பேண்டு வாத்தியக்காரர்கள் வழங்கும் கிளாரினெட்டின் ஊதுவாய்தான் அது.

இலக்கியம் பேசும் இடத்தில் ஊதுவாய்க்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். அவர்களை நம் பழைய உரையாசிரியர்களிடமே அழைத்துச் செல்ல விரும்புகிறோம். 1892இல் உ.வே.சா. பதிப்பித்த சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதைக்கான அடியார்க்குநல்லார் உரையைப் புரட்டிப் பாருங்கள். குழல் செய்தற்குரிய பொருள்கள் ஐந்து என்கிறார். நீளம் இத்தனை விரல், சுற்றளவு இத்தனை விரல் என்று அளவு தருகிறார். எல்லாவற்றிலும் முதன்மையாக, வெட்டிய மரத்தை நிழலில் உலரவைத்து, அது முறுக்கிக்கொள்ளவோ விரிசல் காணவோ இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஓராண்டு கழிந்த பின்னரே அதில் குழல் செய்யவேண்டும் என்ற கருத்தைக் கூறுகிறார். மரம் கோணும் என்பதையும், கோணினால் நாதம் கெடும் என்பதையும், ஆகவே சோதித்தறிந்த பின்னரே வாயில் வைக்கவேண்டும் என்பதையும் ஓர் இலக்கிய உரையாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். அவருக்கு அது இலக்கியத்துக்குப் புறம்பான செய்தியாகத் தோன்றவில்லை.

சீவக சிந்தாமணி இன்னும் ஒருபடி மேலே போகிறது. காந்தருவதத்தையார் இலம்பகத்தில் இசைப்போட்டிக்கு வந்த சீவகன், தன்னிடம் நீட்டப்பட்ட யாழ்களை அப்படியே வாங்கி வாசித்துவிடவில்லை. ஒவ்வொன்றையும் ஆராய்கிறான். நீரில் நின்று ஊறிய மரம், இடி விழுந்த மரம் என்று குற்றம் கண்டு ஒதுக்குகிறான். நரம்பில் மயிர் கலந்திருப்பதைக் கூட எடுத்துக் காட்டுகிறான். இதை மாணவர்களுக்குப் பாடம் சொல்லும்போது நாயகனின் பேரறிவைக் காட்டும் இடம் என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். நமக்கு அது வேறொன்றையும் சொல்வதாகப் படுகிறது. கருவியைச் சோதிக்கும் அறிவு இசையறிவின் ஒரு பகுதி என்று திருத்தக்கதேவர் கருதினார். போட்டியின் முதற்சுற்றே அதுதான்!

இனி கிளாரினெட்டுக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமனியின் நூரெம்பெர்க் நகரில் டென்னர் என்ற கருவி செய்வோர் உருவாக்கியதாகச் சொல்லப்படும் இக்கருவி, நம் நாட்டிற்கு வெள்ளையரின் இராணுவ பேண்டு வழியாக வந்தது. இரண்டாம் சரபோசியின் தஞ்சை அரண்மனையில் மேனாட்டு இசைக்கருவிகளைக் கொண்ட பேண்டு குழு ஒன்று இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சதிர் ஆட்டத்துக்குரிய சின்னமேளத்தில் முகவீணை இருந்த இடத்தைக் கிளாரினெட் பிடித்துக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டில் திருச்சியைச் சேர்ந்த ஏ.கே.சி.நடராஜன் அதைத் தனிக் கச்சேரிக்குரிய கருநாடக இசைக்கருவியாகவே நிலைநிறுத்தினார். 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று ரசிகர்கள் கொண்டாடிய அவருக்கு 2022இல் பத்மசிறீ விருது கிடைத்தது. அவர் நாகசுரப் பயிற்சியும் பெற்றவர் என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும். நம் வாதத்துக்கு அது மிக வேண்டிய செய்தி.

ஏனெனில் நாகசுரத்துக்கும் கிளாரினெட்டுக்கும் வாயில் வைக்கும் பகுதியில் ஓர் அடிப்படை வேறுபாடு இருக்கிறது. நாகசுரத்தில் சீவாளிதான் எல்லாம். அதுவே அதிரும் நாக்கு, அதுவே ஊதுவாய். நாணல் தட்டையால் ஆன அது விரைவில் தேயும், பிளக்கும், வாய் மூடிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு நாகசுரக்காரரும் சீவாளிகளைக் கொத்தாகக் கருவியிலேயே தொங்கவிட்டிருப்பார். வாசிப்பதற்கு முன் ஒன்றை எடுத்து எச்சிலில் நனைத்து, ஊதிப் பார்த்து, சரியில்லையென்றால் அடுத்ததை எடுப்பார். கோயில் வாசலில் நின்று கேட்கும் சிறுவனுக்கும் அந்தக் காட்சி பழக்கம். சோதனை அங்கே வாசிப்பின் ஓர் அங்கமாகவே இருக்கிறது.

கிளாரினெட்டில் இந்த ஒன்று இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. அதிரும் நாக்கு தனி, அதை ரீடு என்கிறோம். அந்த ரீடு படிந்திருக்கும் ஊதுவாய் தனி. ரீடு நாணலால் ஆனது, சில வாரங்களில் கெடும், மாற்றிவிடுகிறோம். சீவாளியைப் பற்றிய நம் மரபறிவு முழுவதும் இந்த ரீடின் மேல் போய் அமர்ந்துகொண்டது. ஊதுவாயோ கறுத்து, கெட்டியாக, பார்வைக்கு அழிவில்லாததாக இருக்கிறது. அதை நிலையான பொருள் என்று எண்ணிவிட்டோம். தந்தையிடமிருந்து மகனுக்கு வருகிறது. பழைய கடையில் கை மாறுகிறது. இருபது முப்பது ஆண்டுகள் ஒருவர் வாயிலேயே இருக்கிறது. அது கோணியிருக்குமா, தேய்ந்திருக்குமா என்று கேட்கும் வழக்கமே நம்மிடம் உருவாகவில்லை. சீவாளியை நாள்தோறும் சோதித்த ஒரு மரபு, ஊதுவாயை ஒருநாளும் சோதிக்காத மரபாக மாறியது இப்படித்தான் என்பது நம் கருத்து.

ஊதுவாயின் அமைப்பைச் சற்று விளக்கினால்தான் மேலே பேசமுடியும். அதன் அடிப்புறத்தில் ரீடு படிவதற்கென்று ஒரு சமதளம் இருக்கிறது. அதை மேசை என்கிறார்கள். மேசைக்கு மேலே காற்றுப் புகும் நீண்ட திறப்பு. அத்திறப்பின் இரு கரைகளிலும் மெல்லிய வரப்புகள் இரண்டு, நுனியில் குறுக்காக ஒரு வரப்பு. மேசையிலிருந்து நுனியை நோக்கிச் செல்லச் செல்ல இவ்வரப்புகள் ரீடை விட்டு மெல்ல மெல்ல விலகி வளைகின்றன. நுனியில் ரீடுக்கும் ஊதுவாய்க்கும் இடையே உள்ள இடைவெளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். மாணவர்கள் பலரும் பயன்படுத்தும் யமஹா 4சி வகையில் அது 1.05 மி.மீ. வாண்டோரன் நிறுவனத்தின் பி45 வகையில் சுமார் 1.2 மி.மீ. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒன்றரைத் தாள் கனம். அந்த ஒன்றரைத் தாள் கனத்தில் இருவேறு கருவிகள் என்று சொல்லத்தக்க அளவுக்கு ஊதும் உணர்வு மாறிவிடுகிறது. அப்படியானால் இவ்வளைவில் நேரும் சிறு கேடும் எத்துணை பெரிது என்பதை எண்ணிப் பாருங்கள்.

தொடக்க காலத்தில் ஊதுவாயை மரத்தால் செய்தார்கள். எச்சிலின் ஈரத்தில் மரம் கோணியது. அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839இல் கந்தகம் சேர்த்து ரப்பரை உறுதியாக்கும் வழியைக் கண்டார். அவருடைய தம்பி நெல்சன் குட்இயர் 1851இல் கந்தகத்தின் அளவை மிகுத்து, கருங்காலி போன்று கெட்டியான ரப்பருக்குக் காப்புரிமை பெற்றார். அதுதான் எபனைட். மரம் கோணுகிறது என்பதால் எபனைட் வந்தது, ஆகவே எபனைட் கோணாது என்றொரு நம்பிக்கை நம்மவரிடையே வேரூன்றியிருக்கிறது. அது மெய்யன்று. எபனைட் ஈரத்துக்கு அஞ்சாது, வெப்பத்துக்கு அஞ்சும். வெந்நீர் பட்டால் இளகும். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் விட்டுவைத்தால் இளகும். இளகிய நிலையில் அதன்மேல் அழுத்தம் இருந்தால் அந்த அழுத்தத்துக்கேற்ப வளைந்து, ஆறியபின் அப்படியே நின்றுவிடும்.

அந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது? ரீடை ஊதுவாயோடு பிணைக்கும் லிகேச்சர் எனும் திருகு வளையத்திலிருந்து. நிகழ்ச்சி முடிந்ததும் ரீடையும் வளையத்தையும் கழற்றாமல், திருகை இறுக்கியபடியே பெட்டிக்குள் வைத்துவிடுவது பலரின் வழக்கம். பேண்டு செட்டுக்காரர்களுக்கு ஒரு மண்டபத்திலிருந்து இன்னொரு மண்டபத்துக்கு ஓடவேண்டிய அவசரம். பெட்டி வேனின் கூரையிலோ பைக்கின் பின்னாலோ வெயிலில் காய்கிறது. இறுக்கமும் வெப்பமும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வேலை செய்தால் மேசை தன் சமதளத்தை இழப்பதில் வியப்பென்ன?

தேய்மானத்துக்கு வேறு காரணங்கள். ஒரு நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை ரீடு அதிர்ந்து வரப்புகளை நோக்கி வந்து மீள்கிறது. அதைவிடக் கொடியது துடைக்கும் துணி. துணியில் ஒரு கயிறு கட்டி, கயிற்றின் நுனியில் ஈயக்குண்டு வைத்து, உள்ளே விட்டு இழுக்கிறோம். ஒவ்வொரு முறையும் அது நுனி வரப்பின் மேல் உரசிக்கொண்டு வருகிறது. குண்டு தட்டினால் வரப்பில் பொடிப்பொடியாகச் சிதைவு. ஆகவே ஊதுவாயைத் தனியே கழற்றி மெல்லிய துணியால் கையால் துடைப்பதே முறை.

இனிச் சோதிக்கும் வகையைக் கூறுவோம். இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. முதலில் ஊதுவாயைக் குளிர்ந்த நீரில் கழுவித் துடைத்து, கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் செருகும் லென்சு ஒன்றை வாங்கி வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். நுனி வரப்பு முழுநீளமும் ஒரே அகலமாக இருக்கிறதா? எங்கேனும் கத்திமுனை போல் மெலிந்திருக்கிறதா? பக்கவரப்புகளில் பள்ளம், சிதைவு உண்டா? விரல் நகத்தை வரப்பின்மேல் மெல்ல ஓட்டினால் கண்ணுக்குத் தப்பிய சிதைவு நகத்துக்குத் தட்டுப்படும்.

இங்கே இரண்டு செய்திகளை விலக்கிவைக்க வேண்டும். மேற்புறத்தில் பல் பதிந்த தடங்கள் பார்வைக்கு அருவருப்பாக இருப்பினும் நாதத்தைக் கெடுப்பதில்லை. ஆழமாகப் பதிந்து ஓட்டை விழும் நிலைக்கு வந்தாலன்றி அவை குற்றமல்ல. அவ்வாறே எபனைட் பச்சை கலந்த பழுப்பு நிறமாக மாறுவதும் அதிலுள்ள கந்தகம் வெளிச்சத்தோடும் ஈரத்தோடும் வினைபுரிவதால் வருவது. சுவையும் மணமும் பிடிக்காமல் போகலாம். வளைவு கெட்டுவிட்டது என்பதற்கு அது சான்றாகாது. நிறத்தைப் பார்த்து நல்ல ஊதுவாயை எறிந்தவர்களும் உண்டு, பளபளப்பைப் பார்த்துக் கெட்டதை வாங்கியவர்களும் உண்டு.

அடுத்தது கண்ணாடிச் சோதனை. கனமான, வளைவில்லாத கண்ணாடித் துண்டு ஒன்றின்மேல் மேசைப் பகுதி படியுமாறு ஊதுவாயை வைத்து, விரலால் இருபுறமும் மாறி மாறி மெல்ல அழுத்த வேண்டும். ஆடினால் மேசை நடுவில் மேடிட்டிருக்கிறது அல்லது முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதன்மேல் எந்த ரீடும் படியாது, காற்று ஒழுகும். ஆடாமல் நின்று, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுவில் மட்டும் மெல்லிய கீற்றாக ஒளி தெரிந்தால் அவசரப்பட்டுத் தீர்ப்பு வழங்கக்கூடாது. மேசையின் நடுவே மிகச் சிறிய குழிவை வேண்டுமென்றே வைக்கும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது, இடைவெளி அளக்கும் தகடு. மோட்டார் மெக்கானிக்குகள் பில்லர் கேஜ் என்று சொல்வதுதான். அதில் ஓர் அங்குலத்தின் பத்தாயிரத்தில் பதினைந்து பங்கு, அதாவது 0.038 மி.மீ. கனமுள்ள தகடு உண்டு. தலைமயிர் ஒன்றைவிடவும் மெல்லியது. கண்ணாடியின்மேல் ஊதுவாயைப் படியவைத்து, நுனிப்புறத்திலிருந்து இத்தகட்டைச் செருகினால் வளைவு தொடங்கும் இடத்தில் போய் நின்றுவிடும். தகடு நேராக நிற்கவேண்டும். ஒருபுறம் அதிகமாக உள்ளே போய்ச் சாய்ந்து நின்றால் இரு வரப்புகளின் வளைவும் ஒத்திருக்கவில்லை. இதற்கென்றே அரை மில்லிமீட்டர்க் கோடுகள் வரைந்த கண்ணாடிகள் மேனாட்டில் கிடைக்கின்றன. அதில் 34 என்ற எண் வந்தால் வளைவின் நீளம் 17 மி.மீ. என்று பொருள். அத்தகைய கண்ணாடி கிடைக்காவிட்டாலும் கண்ணாடிக்கு அடியில் வரைபடத் தாளை ஒட்டி ஏறக்குறைய அறிந்துகொள்ளலாம். வேண்டுமென்றே இருபுறத்தையும் சற்று வேறுபடுத்திச் செய்யும் தயாரிப்பாளர் மிகச் சிலரே. ஆகவே சாய்வைக் கண்டால் ஐயுறவே வேண்டும்.

கடைசியாக உறிஞ்சிப் பார்க்கும் சோதனை. நன்கு நனைந்த நல்ல ரீடைப் பூட்டி, ஊதுவாயின் கீழ்த்துளையை உள்ளங்கையால் அடைத்து, நுனியில் வாய் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு வாயை விலக்கவேண்டும். ரீடு ஓரிரு நொடி ஒட்டிக்கொண்டிருந்து பின் 'டப்' என்று விடுபட்டால் அடைப்பு நன்றாக இருக்கிறது. உடனே விடுபட்டால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுகுவது ரீடாலா ஊதுவாயாலா என்று அறிய, கண்ணாடியின்மேல் படியவைத்துச் சமதளம் பார்த்த இரண்டு மூன்று ரீடுகளை மாற்றிப் பார்க்கவேண்டும். எல்லா ரீடுகளிலும் ஒழுகினால் ஊதுவாய்தான் குற்றவாளி. மிக ஈரமான ரீடு சிறு கோணலை மறைத்துவிடும் என்பதால் இச்சோதனையில் தேறிவிட்டது என்பதற்காக முந்தைய சோதனைகளை விட்டுவிடக்கூடாது. இறுதி உறுதிப்பாட்டுக்கு, நன்றாக இருக்கிறதென்று தெரிந்த வேறொரு ஊதுவாயை அதே கருவியில் பொருத்தி ஊதவேண்டும். குறை நீங்கினால் ஐயம் தீர்ந்தது. நீங்காவிட்டால் சாவிகளின் மெத்தைகளிலும் இணைப்புத் தக்கையிலும் பழுதைத் தேடவேண்டும்.

வளைவு என்றதும் வள்ளுவர் நினைவுக்கு வருகிறார். அம்பு நேரானது ஆயினும் கொடிது, யாழின் தண்டு வளைந்தது ஆயினும் இனிது என்ற கருத்தை அவர் கூடாவொழுக்க அதிகாரத்தில் வைத்தார். மனிதரைச் செயலால் அறிக என்பதற்காகச் சொன்னது. கருவிக்கும் அது பொருந்துகிறது. ஊதுவாயின் உயிரே அதன் வளைவில் இருக்கிறது. நேராக்கிவிட்டால் ஒலியே இல்லை. செய்தவன் எண்ணி வைத்தது வளைவு. காலமும் வெப்பமும் கவனமின்மையும் எண்ணாமல் வைத்தது கோணல். இரண்டையும் பிரித்தறிவதுதான் மேற்சொன்ன சோதனைகளின் பயன்.

இது எவ்வளவு பெரிய செய்தி என்பதை ஒரு குடும்பத்தின் வழியாகவே நாம் உணர்ந்தோம். நம் மாணவர் ஒருவர் பேண்டு செட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய தந்தை நகரத்துத் திருமண மண்டபங்களில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கிளாரினெட் வாசித்தவர். சில ஆண்டுகளாக மேல் தாயியில் கீச்சென்ற ஒலி கலந்தது. பலமாக ஊதினாலன்றி நாதம் எழவில்லை. ஒரு முகூர்த்தத்தில் பெண் வீட்டார் நேராகவே குறை சொல்லிவிட்டார்கள். பேசிய தொகையிலும் குறைத்தார்களாம். "மூச்சு முன்ன மாதிரி இல்லீங்க ஐயா, பையன் படிச்சுட்டான், போதுமுங்க" என்று அவர் நம்மிடம் சொன்னபோது கருவியை விற்றுவிடும் முடிவுக்கு வந்திருந்தார். மருத்துவரிடம் நெஞ்சைக் காட்டியிருந்தார். ஊதுவாயை யாரிடமும் காட்டவில்லை.

மாணவரின் உறவினர் ஒருவர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே இயந்திர உறுப்புகளின் சமதளம் பார்க்க வைத்திருந்த சர்ஃபேஸ் பிளேட்டின்மேல் அந்த ஊதுவாயை வைத்தோம். பட்டறைக்காரர் விரலால் ஒருமுறை தொட்டார். "இது உக்காரலீங்க, ஆடுதுங்க" என்றார். தகட்டைச் செருகினால் இடப்புறம் 17 மி.மீ., வலப்புறம் 15. நுனி வரப்பு ஒரு மூலையில் கத்திமுனை போல் இருந்தது. அந்தப் பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப மூச்சு இல்லீங்களா?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்வியில் இருந்த நிம்மதியையும் வருத்தத்தையும் எழுத்தில் கொண்டுவர நம்மால் இயலாது. வேறொரு ஊதுவாய் வாங்கினார்கள். இன்றும் வாசிக்கிறார். வயது வயதுதான், பழைய வேகம் இல்லை. ஆனால் பழிக்கு ஆளாகிக் கருவியை விற்கவில்லை.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. வித்துவான் எவனும் கெட்ட கருவியிலும் நாதம் எழுப்புவான், கருவியைக் குறை சொல்வது சாதகம் போதாதவனின் சாக்கு என்பார்கள். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. தேர்ந்த உதடு சிறு ஒழுக்கைச் சமாளித்துவிடும். ஆனால் அந்தச் சமாளிப்புக்கு விலை உண்டு. கடித்துப் பிடிக்கிறான், பலமாக ஊதுகிறான், கனத்த ரீடை நாடுகிறான். நம் இசைக்குக் கமகம் உயிர். கிளாரினெட்டில் கமகம் விரலின் வழுக்கலாலும் உதட்டின் நெகிழ்வாலும் பிறக்கிறது. ஒழுகும் ஊதுவாயை அடக்கவே உதட்டின் வலிமை முழுதும் செலவானால் நெகிழ்வுக்கு எது மீதி? மேலும், இவ்வாதத்தை மேடையேறும் வித்துவானுக்குச் சொல்லலாம். கற்றுக்கொள்ளும் சிறுவனுக்குச் சொல்லலாமா? கோணிய ஊதுவாயை வைத்துக்கொண்டு ஆறு மாதம் போராடிவிட்டுத் தனக்கு இசை வராது என்று முடிவு கட்டும் பிள்ளையை யார் மீட்பது? சீவகன் யாழை ஆராய்ந்தது சாதகம் போதாமையாலா?

இன்னொரு வாதம் பணம். நல்ல நிறுவனத்து ஊதுவாய் பல ஆயிரம் ரூபாய் ஆகிறது, கோணல் என்று தெரிந்தும் மாற்ற இயலாதவருக்குச் சோதனை எதற்கு என்று கேட்கலாம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. என்றாலும் சோதனை வாங்கச் சொல்வதற்கு மட்டுமன்று. கெட்டதை வாங்காமல் தடுப்பதற்கும், நல்லதைக் கெடாமல் காப்பதற்கும் அதுவே துணை. பழைய ஊதுவாய் வாங்கும்போது கண்ணாடித் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் பணம் மிச்சம். வாசித்து முடித்ததும் ரீடையும் வளையத்தையும் கழற்றிவைக்க ஒரு காசும் செலவில்லை. மேலும் காரணம் தெரியாமல் வாரந்தோறும் ரீடை மாற்றிக்கொண்டிருப்பவர் ஓராண்டில் ரீடுக்குக் கொட்டும் பணத்தைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும். ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும். கோணல் தெரிந்துவிட்டது என்று தாமே உப்புத்தாளில் தேய்க்கத் தொடங்கிவிடக்கூடாது. மேசையை ஒரு தாள் கனம் தேய்த்தால் நுனி இடைவெளியும் வளைவின் நீளமும் சேர்ந்தே மாறிவிடும். அது கைதேர்ந்தவர் வேலை.

ஆர்.எஸ்.புரத்தில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணமும் உண்டு. நம் பகுதியில் இசைக்குக் குறைவில்லை. திவான் பகதூர் சாலையின் பாரதிய வித்யா பவனில் கச்சேரி கேட்கிறோம். கோனியம்மன் தேர் வந்தால் மேளமும் பேண்டும் கேட்கிறோம். முகூர்த்த நாளில் எந்தத் தெருவிலும் கிளாரினெட் ஒலிக்காமல் இருப்பதில்லை. அதே ஊரில் பீளமேட்டிலும் கணபதியிலும் குறிச்சி சிட்கோவிலும் பம்புசெட்டுக்கும் நூற்பாலைக்கும் உறுப்புகள் செய்யும் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கை அன்றாடம் அளந்து சோறு தின்னும் தொழிலாளர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் உள்ள சமதளமும் தகடும் இசைக்கலைஞருக்குத் தேவை. ஆனால் இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே பேருந்தில் போய்வருகிறார்கள். தமிழ்நாட்டில் வேறெந்த ஊருக்கும் இவ்வளவு எளிதாக வாய்க்காத ஒரு சேர்க்கை நம் கண்முன்னே வீணாகிறது.

தஞ்சாவூர் வீணைக்கும் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் மகிழ்ந்தோம். கருவி செய்வோருக்குக் கிடைத்த மதிப்பு அது. கருவியைப் பேணும் அறிவுக்கும் அதே மதிப்பு வரவேண்டும். நாம் கேட்பவை பெரியவை அல்ல. துளைக்கருவி கற்பிக்கும் இடம் ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணாடிப் பலகை, ஒரு பில்லர் கேஜ், ஒரு லென்சு இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை, ஆடி மாதத்தில் முகூர்த்தம் இல்லாத நாட்களில், பேண்டு செட்டுக்காரர்கள் தம் ஊதுவாய்களைக் கொண்டுவந்து பார்த்துக்கொள்ள ஏதேனும் ஒரு சபாவோ பட்டறையோ ஓர் அறையைத் திறந்துவிடட்டும். பாடத்திட்டத்தில் இராக இலக்கணத்தோடு கருவியின் இலக்கணமும் ஒரு பக்கமாவது இடம்பெறட்டும். அடியார்க்குநல்லார் அதை உரைக்குள்ளேயே வைத்துவிட்டார். நாம்தான் வெளியே எடுத்துவிட்டோம்.

இம்முறை முகூர்த்தத்துக்குப் போகும் நண்பர்கள், பந்தலோரம் நின்று வாசிப்பவரின் நாதத்தில் கீச்சொலி கேட்டால் முகம் சுளிக்குமுன் சற்றுப் பொறுங்கள். வாசிப்பு முடிந்ததும் அருகில் போய், "இந்த மவுத்பீஸ் எத்தனை வருசமா வச்சிருக்கீங்கண்ணா?" என்று கேளுங்கள். அவரிடம் அப்படி ஒருவர் கேட்பது அதுவே முதல்முறையாக இருக்கக்கூடும்.